பன்னிரண்டரை மணிக்கு வந்த ‘ஆல் நார்மல்’

1

எட்டு வருடமாக, பொங்கல், தீபாவளி, ஞாயிற்றுக்கிழமை பாராமல் எனக்கு தினமும் கடிதம் போடுகிற ஜீவன் இந்த உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அதுவும் நானே எழுதிய ஒரு கம்ப்யூட்டர் ஸ்கிரிப்ட்.

நெதர்லாந்தில் விதை விற்கும் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. விதையைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. நான் நட்டது எதுவும் முளைத்ததில்லை. என் பொறுப்பில் இருப்பவை கியூப்கள். எந்த ரகம், எந்த ஊருக்கு, எந்த வாரம், எத்தனை மூட்டை போனது என்பதையெல்லாம் எல்லாப் பக்கமும் முன்கூட்டியே கூட்டி அடுக்கி வைத்திருக்கும் தரவுக் கிடங்குகள் அவை. கேள்வி கேட்டால் உட்கார்ந்து கூட்டிக்கொண்டிருக்காது, கூட்டி வைத்ததை எடுத்து நீட்டும். அந்தக் கிடங்குகளுக்கு தினமும் நகல் எடுத்து வேறொரு டிஸ்கில் வைக்க வேண்டும். ஒவ்வொன்றாகக் கையால் எடுத்தால் அரை நாள் போய்விடும். சோம்பேறியான நான் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். அங்கே காலை ஒன்பது அடித்தால் அதுவே எழுந்து, சர்வரில் இருக்கும் கியூப்களை வரிசையாகக் கூப்பிட்டு, நகல் எடுத்து, பதினான்கு நாளுக்கு முந்தைய நகல்களை அழித்துவிட்டு, எனக்கும் என் மேலாளர் மார்ட்டினுக்கும் இரண்டே வார்த்தையில் மெயில் போடும்: ‘ஆல் நார்மல்’.

அந்த இரண்டு வார்த்தை நெய்வேலிச் சரக்கு. அப்பா சுரங்கத்தில் பம்ப் ஆபரேட்டர். ஷிப்ட் முடியும்போது லாக் புக்கில் அதை எழுதிவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார். அவருக்குப் பிறகு அதே செக்‌ஷனில் என் அக்கா வீட்டுக்காரர் ஏழுமலை மாமா எழுதுகிறார். மூன்றாவது ஆளாக நான் கம்ப்யூட்டரை எழுத வைத்தேன். குடும்பத்திலேயே கையில் கிரீஸ் படாமல் ஆல் நார்மல் எழுதியவன் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. இந்த ஜூலையில் அது இறங்கிய கதையைத்தான் எழுதுகிறேன்.

2

மகள் இனியாவுக்குப் பள்ளி விடுமுறை. என் மனைவிக்கு லீவ் கிடைக்கவில்லை. அப்பனும் மகளுமாக நெய்வேலிக்கு வந்து வசந்தி அக்கா குவார்ட்டர்ஸில் இறங்கினோம்.

டவுன்ஷிப்பில் யாரைப் பார்த்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான். பக்கத்து குவார்ட்டர்ஸ் அம்மா கோலப்பொடி கையோடு கேட்டார். “என்ன ரவி, அங்க பர்மனென்ட் ஆயிட்டியா?”

“ஆயிட்டேங்க.”

பொய். அங்கே நான் இன்னும் கான்ட்ராக்ட்தான். அந்த நாட்டில் தங்குவதற்கான என் அனுமதி அட்டை வேலையோடு சேர்த்துக் கட்டப்பட்டது. வேலை போனால் சில மாத அவகாசம். அதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மொழித் தேர்வில் தேறினால் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பிக்கலாம். மூன்று முறை எழுதி மூன்று முறையும் தோற்றிருக்கிறேன். கடைசி முறை பேச்சுத் தேர்வில், “பக்கத்து வீட்டுக்காரர் சத்தமாகப் பாட்டு வைத்தால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார்கள். “நானும் கேட்பேன்” என்றேன். நெய்வேலியில் வளர்ந்தவனுக்கு வேறு என்ன பதில் தெரியும். மதிப்பெண் போடுகிற அம்மையாருக்கு அது போதவில்லை.

இனியாவுக்கு இந்தக் கவலை கிடையாது. பதினான்கு வயது. கனவையே டச்சு மொழியில் காண்கிறாள். அடுத்த வருடம் அவளுக்குப் பள்ளியில் முக்கியமான வருடம். இப்போது அவளைப் பிடுங்கிக் கொண்டுவந்து இங்கே நட்டால் என்ன ஆகும் என்பது அவளுக்கும் தெரியும். வந்த மூன்றாம் நாள் என்னிடம் சாதாரணமாகக் கேட்டாள்.

“அப்பா, உங்களுக்கு வேலை போனால் நான் எந்த ஊர்ப் பெண்?”

“வேலையெல்லாம் போகாது” என்றேன். என் ஸ்கிரிப்ட் மேல் அவ்வளவு நம்பிக்கை.

3

அன்றைக்கு வியாழக்கிழமை. முன்பகல் பதினொன்றே முக்காலுக்கு மார்ட்டின் கூப்பிட்டார். விடுமுறையில் இருப்பவனைக் கூப்பிடுவது அந்த ஊரில் பெரிய குற்றம்.

“சர்வர் செத்துவிட்டது. டிஸ்க், அதற்கு மாற்று டிஸ்க், இரண்டுமே. அதோடு இன்னொரு விஷயம். தக்காளி விதையில் நோய் என்று புகார். ஐந்து விதைத் தொகுதிகளின் லாட் எண் கொடுத்திருக்கிறார்கள். அவை எந்தெந்த விவசாயிக்குப் போயின என்று நாளை மதியத்துக்குள் அரசு ஆய்வாளருக்குப் பட்டியல் கொடுக்க வேண்டும். அது பழைய கியூபில்தானே இருக்கிறது?”

பழைய கியூப் என்றால், எங்கள் கம்பெனி வாங்கிப் போட்ட ஒரு சின்னக் கம்பெனியின் கணக்கு. மூலத் தரவையெல்லாம் எப்போதோ மூடிவிட்டார்கள். மற்ற கியூப்கள் போனால் மூலத்திலிருந்து மறுபடி கட்டிக்கொள்ளலாம். இது போனால் போனதுதான்.

“ஆமாம்” என்றேன்.

“நல்லவேளை, உன் பேக்கப் இருக்கிறது. புது சர்வர் எங்கள் நேரம் இரண்டு மணிக்கு வந்துவிடும். யோலண்டா அதில் ஏற்றிவிடுவாள். நீ விடுமுறையை அனுபவி.”

போனை வைத்தேன். அக்கா கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழம் அரிந்துகொண்டிருந்தாள். மாமா ஊரான காடாம்புலியூரிலிருந்து வந்த பழம். நான் நாலு சுளை தின்றேன். அக்காவிடம், பேக்கப் என்றால் என்ன, முன்யோசனை என்றால் என்ன, நான் இல்லாமலேயே என் வேலை எப்படி நடக்கிறது என்று ஒரு சின்ன சொற்பொழிவும் ஆற்றினேன்.

“நீ இல்லாமலே நடக்குதுன்னா அப்புறம் உனக்கு எதுக்குடா சம்பளம்?” என்றாள் அக்கா.

பன்னிரண்டரைக்கு, அதாவது அங்கே ஒன்பது மணிக்கு, என் போன் மேஜைமேல் ஒரு முறை அதிர்ந்தது.

‘ஆல் நார்மல்.’

ஐந்தாவது சுளை வாய்க்குள் அப்படியே நின்றது. சர்வர் செத்துக் கிடக்கிறது. நகல் எடுக்க அங்கே ஒன்றுமே இல்லை. ஸ்கிரிப்ட் ஓடுவது வேறொரு மெஷினில். அது போய்க் கதவைத் தட்டியிருக்கிறது, யாரும் திறக்கவில்லை, திரும்பி வந்து ஆல் நார்மல் என்று எழுதிவிட்டது.

4

ஏன் என்று யோசிக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. குற்றவாளிக்குக் குற்றம் நடந்த இடம் தெரியாதா.

எட்டு வருடத்துக்கு முன், ஸ்கிரிப்டைச் சோதித்த வாரத்தில், உபயோகமில்லாத ஒரு குட்டிக் கியூப் தினமும் பிழை சொல்லி ஸ்கிரிப்டைப் பாதியில் நிறுத்திக்கொண்டிருந்தது. மறுநாள் எனக்கு ஊருக்கு விமானம். ‘பிழை வந்தால் வாயைத் திறக்காமல் அடுத்ததற்குப் போ’ என்று ஒரு வரி சேர்த்தேன். ஊரிலிருந்து திரும்பியதும் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. அதற்குக் கீழே அழிக்கிற வரி. அதற்கும் கீழே மெயில் அனுப்புகிற வரி. மேலே என்ன நடந்தாலும் கீழே இருக்கிற இரண்டும் நடக்கும்.

இதன் அர்த்தம் மெதுவாகத்தான் உறைத்தது. நகல் எடுக்க முடியாமல் போன நாளிலும் என் ஸ்கிரிப்ட் பழைய நல்ல நகலை அழித்துக்கொண்டிருக்கும். தொடர்ந்து பதினைந்து நாள் தவறினால் போதும், ஒன்றுகூட மிஞ்சாது. பழைய கியூப்தான் இருப்பதிலேயே பெரியது. டிஸ்கில் இடம் போதாவிட்டால் முதலில் அடிபடுவது அதுதான். எப்போதிலிருந்து தவறுகிறது? நேற்றிலிருந்தா, வருடக்கணக்கிலா? தெரியாது. எட்டு வருடத்தில் ஒரு முறையாவது ஒரு நகலைத் திரும்ப ஏற்றிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்த்ததில்லை. கல்லூரி லேபில் சோதனை செய்வதற்கு முன்பே ரெக்கார்டில் ரீடிங் எழுதியவன் நான். அந்தப் புத்தி எங்கே போகும்.

போய்ப் பார்த்துவிடலாம் என்றால் லேப்டாப் கையில் இல்லை. ஐரோப்பாவுக்கு வெளியே அதைக் கொண்டுபோக ஒரு படிவம் உண்டு. மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும், அதில் ஒருவர் எப்போதும் விடுமுறையில் இருப்பார். நான் விண்ணப்பிக்கவே இல்லை. ஆக, அங்கே இரண்டு மணி, இங்கே ஐந்தரை. அதுவரை காத்திருக்க வேண்டும்.

அந்த மதியம் நான் பயந்த மாதிரி வாழ்க்கையில் பயந்ததில்லை. விசிறிக்குக் கீழே உட்கார்ந்தும் பனியன் நனைந்தது. பட்டியல் இல்லை என்றால் யாருக்கு எந்த விதை போனதென்று தெரியாது; நோய் யார் தோட்டத்தில் இருக்கிறதோ. அப்புறம் விசாரணை, என் பெயர், வேலை, அட்டை. இனியா பின்வாசலில் உட்கார்ந்து அணிலுக்குப் பலாக்கொட்டை போட்டுக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் எழுந்து உள்ளே போனேன். உள்ளே போயும் உட்கார முடியவில்லை, வெளியே வந்தேன்.

“பாத்ரூம் வருதாடா?” என்றாள் அக்கா.

5

இரண்டே முக்காலுக்கு ஏழுமலை மாமா முதல் ஷிப்ட் முடித்து வண்டியில் வந்து இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் என் முகத்தைப் பார்த்துவிட்டார்.

“என்னா மாப்ள, மூஞ்சி செத்துக் கெடக்குது? பழம் ஒத்துக்கலியா?”

சொன்னேன். மறைக்கத் தெம்பில்லை. அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே கேட்டார். கியூப் என்பது அவருக்குப் புரிந்ததா என்று தெரியாது. ஆனால் ஆல் நார்மல் புரிந்தது.

“அப்ப பம்ப் நின்னுட்டாலும் புக்குல அதுவே எழுதிக்கினு இருக்குதா?”

“ஆமா மாமா.”

“எட்டு வருசமா நீ அத படிச்சிக்கினு இருந்த.”

“ஆமா.”

“ஸ்டாண்ட்பைய எப்பனா ஓட்டிப் பாத்தியா?”

நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்குக் கீழே தண்ணீர் முட்டிக்கொண்டு நிற்கும். இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருந்தால்தான் மேலே மனிதர்கள் வேலை பார்க்க முடியும். அதனால் மாமாவுக்கு ஒரு பழக்கம். டூட்டி மாறும்போது அவர் லாக் புக்கைக் கடைசியில்தான் பார்ப்பார். முதலில் ஓடுகிற பம்பின் குழாயில் கை வைப்பார். பிறகு ஓடாமல் சும்மா நிற்கிற ஸ்டாண்ட்பை பம்பை ஒரு தடவை ஓட்டச் சொல்லி, அதிலும் கை வைப்பார். அப்புறம்தான் கையெழுத்து. முந்தின ஷிப்ட் ஆள் எவ்வளவு அவசரத்தில் இருந்தாலும் சரி. “இவர்கிட்ட டூட்டி மாத்தறதும் பொண்ணு குடுக்கறதும் ஒண்ணு” என்று நண்பர்கள் கிண்டல் செய்வார்களாம்.

“உன் டூட்டிய எடுத்துக்கற ரிலீவர் யாரு இப்ப?”

“யோலண்டா.”

“நம்ம வடை தின்ன அம்மாவா?” மாமா முகம் மலர்ந்தது. “அப்ப அதுக்கு போன் போடு.”

மூன்று வருடத்துக்கு முன் மாமாவும் அக்காவும் ஒரு மாதம் எங்களோடு வந்து தங்கினார்கள். விசாவுக்கு, மாமா ஊருக்குத் திரும்பிவிடுவார் என்பதற்கு அத்தாட்சி கேட்டார்கள். பர்மனென்ட் வேலை, லீவ் சாங்ஷன் கடிதம், இரண்டையும் நீட்டினோம்; உடனே நம்பிவிட்டார்கள். அப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை யோலண்டா சாப்பிட வந்திருந்தார். என் எதிர் மேஜைக்காரி, கிட்டத்தட்ட மாமா வயது. நான் சமையலறையில் வடை சுட்டுக்கொண்டிருந்தேன். அவர்கள் இருவரும் இனியாவை நடுவில் வைத்துக்கொண்டு ஏதோ மணிக்கணக்காகப் பேசினார்கள். பொதுவாக ஒரு மொழிகூட இல்லாத இரண்டு பேருக்குள் அப்படி என்ன இருக்கும் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. எனக்கு அன்று வடையில் ஓட்டை சரியாக வரவில்லை.

“போன் போட்டா என் வாயாலயே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் மாமா. அஞ்சரைக்கு அவங்களே பாக்கட்டுமே. ஒருவேளை நகல் இருந்துட்டா?”

“இல்லாங்காட்டி?”

“டிஸ்க் மேல பழி போட்டுடலாம்.”

சொன்ன பிறகுதான் பின்வாசல் படியில் இனியா நிற்பதைப் பார்த்தேன். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை.

மாமா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். “மாப்ள, பம்ப் நிக்கறது தப்பில்ல. மிசினு, நிக்கும். நின்னது தெரிஞ்சும் ரிலீவர்கிட்ட சொல்லாம வூட்டுக்கு வந்துட்டா, கீழ வேல செய்யறவன் கதி என்னா? அந்தம்மா ரெண்டு மணிக்கு உன்ன நம்பி ஒக்காரும். இப்பவே சொன்னா வேற வழி தேட நேரமாவது கெடைக்கும்.” குளியலறைக் கதவைச் சாத்துவதற்கு முன் தலையை நீட்டி, “எனக்கும் பசிக்குது, சீக்கிரம் பேசு” என்றார்.

6

போன் போட்டேன். அவசரத்தில் முதலில் மார்ட்டினுக்குப் போய்விட்டது. நல்லவேளை அவர் எடுக்கவில்லை.

யோலண்டாவிடம் நான் எப்போதும் டச்சில்தான் பேசுவேன்; தேர்வுக்குப் பயிற்சி. பயத்தில் என் டச்சு மூன்று முறை தோற்ற நிலைக்கும் கீழே போய்விட்டது. சர்வர் செத்துவிட்டது என்பதற்குப் பதிலாக, “நான் செத்துவிட்டேன்” என்றேன்.

“குரல் நன்றாகத்தானே கேட்கிறது” என்றார் அவர்.

இனியா வந்து என் கையிலிருந்து போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள். “நீங்க தமிழ்ல சொல்லுங்க. நான் சொல்றேன்.”

மகள் மூலமாகக் குற்றத்தை ஒத்துக்கொள்வது என்ன அனுபவம் என்று யாருக்காவது தெரியுமா? அந்த வரியை நான்தான் சேர்த்தேன். எடுக்க மறந்தேன். எட்டு வருடம் ஒரு நகலைக்கூட ஏற்றிப் பார்க்கவில்லை. பழைய கியூபின் நகல் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. வந்த மெயில் எதற்கும் அர்த்தம் கிடையாது. ஒவ்வொரு வாக்கியத்தையும் அவள் என் கண்ணைப் பார்த்துக் கேட்டு, போனைப் பார்த்துச் சொன்னாள். எதையும் மழுப்பவில்லை. ஒரு இடத்தில் நான் “கொஞ்சம் கவனக்குறைவு” என்றேன். அவள் “கொஞ்சம்?” என்று கேட்டுவிட்டு, அதைத் தவிர்த்து மொழிபெயர்த்தாள்.

குளியலறையில் மாமா தண்ணீர் மொண்டு ஊற்றும் சத்தம்தான் கேட்டது.

பிறகு யோலண்டா நீளமாக ஏதோ சொன்னார். இனியாவின் முகம் மாறியது. எனக்குப் பாதி புரிந்தது. புரிந்த பாதியை நம்பப் பயமாக இருந்தது.

“என்ன சொல்றாங்க?”

“நகல் இல்லையாம். காலைல அவங்களே போய்ப் பார்த்தாங்களாம். சின்னது எல்லாம் இருக்கு, பெரியது இல்லை. டிஸ்கில் இடம் இல்லை.”

போனை வாங்கக் கையை நீட்டினேன், அவள் கொடுக்கவில்லை.

“ஆனா கியூப் இருக்கு. அவங்க டெஸ்ட் மெஷினில் ஓடுது. மூணு வருஷமா ஒவ்வொரு மாசமும் முதல் திங்கள்கிழமை உங்க நகலை எடுத்து அங்க ஏத்திப் பார்ப்பாங்களாம். இந்த மாசம் பெரியது காணோம், அதனால ஏற்கெனவே ஏத்தினதை அப்படியே விட்டுட்டாங்க. உங்களுக்கு மெயில் போட்டாங்களாம்.”

போட்டிருந்தார்தான். ஆல் நார்மல்களுக்கு நடுவில் அது படிக்காமல் கிடந்ததைப் பிறகு பார்த்தேன்.

மூலம் மூடிய கியூப் என்பதால் அதில் எதுவும் மாறப்போவதில்லை. போன மாதத்து நகலும் இன்றைய நகலும் ஒன்றுதான். ஐந்து லாட்டுக்கும் பட்டியல் எடுத்து, அரை மணிக்கு முன்பே மார்ட்டினிடம் கொடுத்தாகிவிட்டதாம்.

“ஏன் அப்படி மாசாமாசம் ஏத்திப் பாத்தாங்கன்னு கேளு.”

கேட்டாள். யோலண்டா சிரித்தார். இனியாவும் சிரித்தாள்.

“மாமா சொன்னாராம். அன்னைக்கு நீங்க வடை சுட்டீங்க இல்ல? நான்தானே மொழிபெயர்த்தேன். ‘புக்க நம்பாத, ஓட்டிப் பாரு’ன்னு. அவங்க வளர்ந்த ஊர் கடல் மட்டத்துக்குக் கீழ. அவங்க அப்பாவும் பம்ப் ஹவுஸ்ல வேலை. பம்ப் நின்னா வீட்டுக்குள்ள தண்ணி. அதனால மாமா சொன்னது உடனே புரிஞ்சுதாம். உங்ககிட்டயும் சொன்னேன் அப்பா அன்னைக்கு. நீங்க ‘சரி சரி, வடை எடுத்துட்டுப் போ’ன்னு சொன்னீங்க.”

மாமா தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தார். “என்னா சொல்லுது அந்தம்மா?”

சொன்னோம். “ஸ்டாண்ட்பை ஓடுதில்ல, அப்ப சோறு போடு வசந்தி” என்று உட்கார்ந்துவிட்டார்.

7

திரும்பிப் போனதும் சம்பவ அறிக்கைப் படிவம் ஒன்று மேஜைமேல் காத்திருந்தது. அந்த நாட்டில் எதற்கும் படிவம் உண்டு. காரணம் என்ற கட்டத்தில் உள்ளதை உள்ளபடி எழுதினேன். வேறு மாதிரி எழுதியிருந்தால் இனியா ஒரு பார்வை பார்ப்பாள். அதைத் தாங்க எனக்குத் திராணி இல்லை. ‘பிழையைத் தடுத்த நடைமுறை யாருடையது’ என்ற கட்டத்தில் மாமாவின் பெயரும், பம்ப் ஆபரேட்டர், நெய்வேலி என்றும் எழுதினேன்.

மார்ட்டின் கூப்பிட்டு உட்கார வைத்தார். “இந்த ஏழுமலை எந்த ஆலோசனை நிறுவனம்?” என்று கேட்டார். விளக்கினேன். “எட்டு வருடமாக அந்த மெயிலை நானும்தான் படித்தேன்” என்றார். வேலை போகவில்லை. ஒப்பந்தத்தை ஒரே ஒரு வருடத்துக்கு நீட்டித்தார். வழக்கமாக மூன்று வருடம் நீட்டிப்பார். மீதியை அடுத்த வருடம் பார்க்கலாமாம். பக்கத்து குவார்ட்டர்ஸ் அம்மா இதைப் படித்தால், நான் பர்மனென்ட் இல்லை என்பதை இப்படித் தெரிந்துகொள்ளட்டும்.

ஸ்கிரிப்டை மாற்றி எழுதிவிட்டேன். இப்போது அது பிழை வந்தால் ஊரைக் கூட்டும். நகல் எடுத்து, வேறு மெஷினில் ஏற்றி, மூட்டைகளை எண்ணிப் பார்த்து, எண்ணிக்கை ஒத்துப்போன பிறகுதான் பழையதை அழிக்கும், மெயில் போடும். முன்பெல்லாம் மெயில் வந்தால் நிம்மதி. இப்போது வந்தாலும் பயம், ஐந்து நிமிடம் பிந்தினாலும் பயம்.

இலையுதிர் காலத்தில் யோலண்டா ஓய்வு பெற்றார். போகும்போது தன் டெஸ்ட் மெஷினை எனக்கு ஒப்படைத்தார். ஒப்படைப்புத் தாளில் உடனே கையெழுத்துப் போட விடவில்லை. என்னையே முழு நகலையும் ஏற்றச் சொல்லிவிட்டு, பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நாற்பது நிமிடம் நின்றார்.

அதற்குப் பிறகு வந்த முதல் திங்கள்கிழமை, பள்ளி விடுமுறை என்பதால் இனியாவும் அலுவலகத்துக்கு வந்திருந்தாள். நான் தனியாக ஏற்றிக்கொண்டிருந்தேன். தொண்ணூறு சதவீதத்தில் கோடு நகராமல் நின்றது. அவள் மாமாவுக்கு வீடியோ கால் போட்டு போனை என் பக்கம் திருப்பினாள். அந்தப் பக்கம் மாமா டீ டம்ளரோடு உட்கார்ந்திருந்தார்.

“ஓடுதா மாப்ள?”

கோடு நகர்ந்தது. முடிந்தது. எண்ணிக்கை ஒத்துப்போயிற்று.

“ஓடுது மாமா.”

“கைய வெச்சிப் பாத்தியா?”

மாமா, இது கம்ப்யூட்டர், கை வைத்துப் பார்த்து ஒன்றும் தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். இனியா என்னைப் பார்த்தாள். குனிந்து மேஜைக்கு அடியில் இருந்த மெஷின்மேல் கையை வைத்தேன்.

“சூடா இருக்கு மாமா.”

“அப்ப எழுது” என்றார்.